தூங்குகிற மாதிரி

— மூச்சு விடுறான்! பொண்ணே, இவன் மூச்சு விடுறான்!

— ஆமாம்மா. மத்தியானம் சாப்பிட்டதும் கொஞ்ச நேரம் படுப்பார்.

— அப்ப போன்ல என்ன சொன்னே? "உங்க தம்பி எலாதியோ தூங்குற மாதிரி இருக்கார்"னு சொல்லல?

— தூங்கிட்டுதானேம்மா இருந்தார்.

— அடிப்பாவி! தூங்குறவனுக்கு ஸ்பானிஷ்ல 'எஸ்தா'ன்னு சொல்லணும், நெசமாவே அப்படி இருக்கான்னு அர்த்தம். தூங்குறான், அவ்வளவுதான். நீ 'பரேஸே'ன்னே. பார்வைக்கு அப்படித் தெரியுறான்னு அர்த்தம். இந்த ஊர்ல சவப்பெட்டிக்குள்ள கெடக்குறவனப் பாத்துத்தான் அப்படிச் சொல்லுவோம்!

— இவரப் பாத்துக்க வந்த ருமேனியாக்காரிம்மா நான். உங்க வினைச்சொல்லெல்லாம் என்னப் படுத்துது.

— ஸமோராவுலேர்ந்து பஸ்ல அழுதுக்கிட்டே வந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் பாவம், ஆரஞ்சு உரிச்சுக் குடுத்தார். இந்தக் கறுப்பு உடுப்பு வேற கழுத்துல குத்துது.

— யாரு... ஒப்துலியாக்காவா? கறுப்பு உடுப்பு எதுக்கு? யாரு செத்தது?

— நீதான்டா!

— நானா? எப்போ?

— சிரிக்காத! என் புருஷன் சாவுக்கு எட்டிப் பாக்காதவன் நீ. உன் பொணத்தப் பாக்கத்தான் இந்த வாசப்படி மிதிப்பேன்னு சொன்னவ நான்.

— எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வருவேன் அக்கா? அந்த வாரந்தான் பார்ல எல்லார் முன்னாடியும் மாமா மேல கை நீட்டிட்டேன். மன்னிப்புக் கேக்குறதுக்குள்ள அவர் போயிட்டார்.

— இத அன்னிக்கே சொல்றதுக்கென்னடா?

— அடுத்த மாசம் வந்தேனே. நீ கதவத் திறக்கல.

— சரி, அழாத. ஒரே ஒரு தடவ உன்னத் திட்டக் கெடைக்காதான்னு வழியெல்லாம் வேண்டிக்கிட்டு வந்தேன், கெடச்சிருச்சு. எலும்பும் தோலுமா ஆயிட்டியேடா! சமையல்கட்டு எந்தப் பக்கம், பொண்ணே? பூண்டு சூப் வைக்கிறேன்.

— வலது பக்கம்மா.

— இயோனெலா, இங்க வா. அக்கா உள்ள போயாச்சா?

— போயாச்சு ஐயா.

— பக்கத்து வீட்டுப் புள்ளைங்களுக்கு ஸ்பானிஷ் வீட்டுப்பாடம் சொல்லிக் குடுக்குறவ நீ. உனக்கா 'பரேஸே' தெரியாது?

— முதல்ல 'எஸ்தா' போட்டுதான் சொன்னேன் ஐயா, "உடம்பு சரியில்லாம இருக்கார், வந்து பாருங்க"ன்னு. மூணு தடவ. மூணு தடவையும் போன வச்சுட்டாங்க.