சிரிக்கிற காளை

— வாராருங்களா, வல்லீங்களாக்கா? அத மட்டும் சொல்லுங்க. குரூப்புல ஆளாளுக்குக் கேட்டுட்டிருக்காங்க.

— எனக்கென்ன தெரியும் ஷாகுலு? நீயுந்தான பக்கத்துல உக்காந்து எளநி குடிச்ச.

— காது குடுத்துத்தானுங்க கேட்டேன். அதுதான் கொழப்பமே. அங்கப்பன் ஐயா வாரேன்னும் சொல்லல, மாட்டேன்னும் சொல்லல. உள்ளபோயி ஒரு பழைய கம்ப்யூட்டர் பொட்டியத் தூக்கிட்டு வந்து, நம்ம காருல பின்னாடி சீட்டுல வெச்சு, 'பாத்துப் போங்க'ன்னுட்டாரு.

— நம்ம கயித்த வாங்கியல்ல அதுல கட்டுனாரு. அதச் சொல்லு. நீ சர்வீஸ் கடை வெச்சிருக்கறத அவருகிட்டச் சொன்னயா?

— உக்கடத்துல சின்னதா ஒரு கடைன்னு சொன்னேன்.

— அப்ப ரிப்பேருக்குத்தான் குடுத்திருக்காரு. முடிஞ்சுது போ.

— ரிப்பேருன்னா என்ன கோளாறுன்னு சொல்லுவாங்களேக்கா. தண்ணி ஊத்திருச்சு, எலி கடிச்சிருச்சு, எதாச்சும். இவரு 'வெய்யல் படாம வெச்சுக்குங்க'ன்னாரு, அவ்வளவுதான்.

— இரு. நம்பியூரு தாண்டட்டும். வெடியால இருந்து நடந்தத வரிசையாச் சொல்லு, நா ஓட்டிக்கிட்டே கேக்கறேன். எங்கியோ ஒரு எடத்துல நம்ம கோட்டை உட்டுட்டோம்.

— மொதல்ல நீங்க பேசுனீங்க. 'ஐயா, மேழிக் கம்பெனிய நீங்க மூடி எத்தனையோ வருசமாச்சுங்க. ஆனா உங்க சலங்கை வண்டி காளை ரேஸ் கேம இன்னும் பத்தாயிரம் பேரு குரூப்பு வெச்சு வெளையாடறோம். புது கம்ப்யூட்டர்ல ஓட மாட்டேங்குதுன்னு பழச ஒட்டுப்போட்டு வெச்சிருக்கறோம். நீங்க மறுபடி ஆரம்பிக்கோணும்'னு சொன்னீங்க. அப்பறம் அழுதுபோட்டீங்க.

— அழுகல.

— சரிங்க, அழுகல. மூக்க உறிஞ்சுனீங்க.

— தறிக்கூடத்துக்குப் பக்கத்து ரூம்புல வளந்தவ நானு. தறி ஓடற சத்தத்துக்கு மேல சலங்கைச் சத்தங் கேக்கோணும்னு ஸ்பீக்கரக் கிழிய உடுவேன். எங்கப்பா வந்து ஒயரப் புடுங்குவாரு. அதயெல்லாம் அவரு முன்னால சொல்றப்ப மூக்கு ஒழுகத்தாஞ் செய்யும். நீ மேல சொல்லு.

— அவரு எல்லாத்தையும் கேட்டுட்டு, 'அம்மணிக்கு எந்த ஊரு'ன்னாரு. சூலூருல தோட்டத்து ஊடுன்னீங்க. 'ஊட்ல எடமிருக்குதா'ன்னாரு.

— மேல மாடி சும்மாத்தானுங்க கெடக்குதுன்னேன்.

— 'நெழலா இருக்குமா'ன்னாரு. 'வெளியூரு போனா பாத்துக்க ஆளிருக்குதா'ன்னாரு. 'ஷாகுல் இருக்கானுங்க'ன்னு என்னயக் கை காட்டுனீங்க. என்னய மேலயுங் கீழயும் பாத்தாரு. நா எளநிய அப்படியே கீழ வெச்சுட்டேன்.

— எனக்கு அப்ப மனசு குதிச்சுது தெரியுமா? நம்ம மாடியிலயே ஆபீஸ் போடப்போறாரு, அதுக்குத்தான் எடம் விசாரிக்கறாருன்னு நெனச்சுட்டேன்.

— நானுந்தான் நெனச்சேன். ஆனா அதுக்கடுத்து, 'நாளப்பின்ன அடுத்த கைக்கு மாத்தி உட்டுருவீங்களா'ன்னு கேட்டாரே. ஆபீஸ் எடத்த யாராச்சும் அப்படிக் கேப்பாங்களா?

— சத்தியமா மாட்டேனுங்கன்னு சொல்லிப்போட்டேன்.

— எதைங்க?

— அதுதான் எனக்கே தெரியல. அவரு கேட்ட தோரணைக்கு வேற பதில் வாயில வல்ல.

— அப்பறம் எந்திரிச்சு நின்னாரு. திரும்பி, 'கயிறு கொண்டாந்தீங்களா'ன்னாரு.

— எனக்குப் பக்குன்னு ஆயிப்போச்சு. பெரியவருக்கு நெனவு தப்பிப்போச்சோன்னு.

— நா அவரு மாடு எதோ அவுத்துட்டு ஓடிருச்சாட்டிருக்குதுன்னு நெனச்சேன். அதான் ஓடிப்போயி டிக்கியில இருந்து கயித்த எடுத்துட்டு வந்தேன். வண்டி நின்னா இழுக்கறதுக்கு நீங்க வெச்சிருந்த மஞ்சக் கயிறு.

— மாடு ஒண்ணும் ஓடலயே. மாடு கட்டற கட்டுத்தரையே அந்த ஊட்ல இல்ல.

— நா வாரதுக்குள்ள பொட்டி வெளிய வந்திருச்சு. ஒரு பழைய தேங்கா நார்க் கயித்துல கட்டியிருந்துச்சு. அவரு என்ற கையில இருந்த கயித்தப் பாத்து, 'இது உங்களுதானுங்களே'ன்னு ஒருக்கா கேட்டுக்கிட்டாரு. நார்க் கயித்த அவுத்தாரு. நம்ம கயித்தக் கட்டுனாரு. நாலு முடிச்சு. கெழக்கப் பாத்து ஒருக்காக் கும்புட்டாரு.

— கும்புட்டாரா? நா அதப் பாக்கல.

— நீங்க எங்க பாத்தீங்க, ஓரமா நின்னு மூக்க உறிஞ்சிட்டிருந்தீங்க. இப்பவாச்சும் சொல்லுங்க. நா டிக்கிக்கு ஓடுன நேரத்துல நீங்க அவருகிட்ட என்ன பேசுனீங்க?

— ஒண்ணும் பேசல.

— அக்கா.

— வேலைய உட்டுப்போட்டேன்னு சொன்னேன்.

— எந்த வேலைய?

— எந்த வேலையா? எனக்கென்ன நாலு வேலையா இருக்குது? சரவணம்பட்டி கம்ப்யூட்டர் கம்பெனி வேலையத்தான். நேத்து பேப்பர் போட்டுட்டேன்.

— அல்லாவே. அவரு இன்னும் ஒரு வார்த்த சொல்லறதுக்கு முன்னாலயேவா?

— வெப்சைட்டு வந்திருச்சல்ல ஷாகுலு. செத்துக் கெடந்த மேழி வெப்சைட்டு போன மாசம் திடீர்னு கண்ண முழிச்சுது. அதுல காளை சிரிக்கற படம். கீழ அவரு போன் நம்பரு. வேற என்ன வேணும்? அவரு தொடங்குனா மொத ஆளாப் போயி நிக்கோணும், ஐயா எனக்கு ஒரு மேசை போட்டுக் குடுங்கன்னு கேக்கோணும்னு நெனச்சேன். பதிமூணு வயசுல இருந்து நா அவருகிட்ட வேலை செய்யறதா நெனச்சுக்கிட்டுத்தான் வேற எடத்துல வேலை செஞ்சேன். இன்னிக்கு அந்த மனுசன் ஒரு ஓட்டைப் பொட்டியக் குடுத்து அனுப்பிப்போட்டாரு. ஊட்ல போயி நா என்னத்தச் சொல்றது?

— அந்தக் காளைப் படத்தால எத்தன பேரு கெட்டோம் பாத்தீங்களா. குரூப்புல ஒருத்தன் அதோட பல்ல எண்ணி, எட்டுப் பல்லு இருக்குது, அதனால எட்டாம் மாசம் புது கேம் வருதுன்னு போட்டான். இன்னொருத்தி எட்டுப் புதுத் தடம்னா. ரெண்டு பேரும் அதுக்கு ஒரு வாரமா சண்ட.

— சிரிக்கற காளையில பல்லு தெரியாம வேற என்ன தெரியும்?

— ஆனா ஒரு கை அந்தக் காளையோட ஒதட்டப் புடிச்சிருந்துச்சு. பாத்தீங்களா? ஓரத்துல ரெண்டு வெரலு.

— அது எதோ டிசைன்.

— டிசைனுங்களா... அக்கா, வண்டியச் சித்த ஓரங்கட்டுங்க.

— ஏன், வயித்தக் கலக்குதா?

— ஓரங்கட்டுங்க, சொல்றேன். எங்க இல்யாஸ் மாமு இருக்காரல்ல, மாட்டு யாவாரம். சின்னதுல என்னயப் பொள்ளாச்சிச் சந்தைக்குக் கூட்டிட்டுப் போவாரு. அங்க மாடு வாங்கறவரு மொதல்ல என்ன செய்வாரு? ஒதட்டப் புடிச்சுத் தூக்கிப் பல்லப் பாப்பாரு. எட்டுப் பல்லும் மொளச்சிருந்தா நல்லா வேலைக்காகற மாடுன்னு அர்த்தம்.

— அதனால?

— காளை சிரிக்கலீங்க. பல்லக் காட்டுது. வெலைக்கு நிக்குது.

— என்ன ஒளறற?

— இருங்க, இன்னும் இருக்குது. மாமு சந்தைக்குப் போறப்பவே புதுக் கயிறு வாங்கித் தோள்ல போட்டுக்குவாரு. ஏன்னா விக்கறவிங்க மாட்டத்தான் குடுப்பாங்க, கயித்தக் குடுக்க மாட்டாங்க. கயித்தோட குடுத்தா அவிங்க கட்டுத்தரை லட்சுமியுங் கூடவே போயிரும்பாங்க. அவிங்க கயித்த அவுத்து இடுப்புல செருகிக்குவாங்க. மாமு நம்ம கயித்தக் கட்டிப் புடிச்சுட்டு வருவாரு. அதோட அது நம்ம மாடு.

— ஷாகுலு... அவரு அந்த நார்க் கயித்த வேட்டி மடிப்புல செருகுனாரு. அத நாம் பாத்தேன்.

— எடமிருக்குதா, நெழலிருக்குதா, பாத்துக்க ஆளிருக்குதா, அடுத்த கைக்கு மாத்திருவீங்களா. எல்லாத்தையும் கேட்டாரு, நீங்களும் ஒண்ணு உடாம பதில் சொன்னீங்க. அந்தப் பொட்டிக்குள்ள என்ன இருக்குதுன்னு நெனைக்கறீங்க? மேழி இருக்குதுங்க. கோடு, படம், சத்தம், அத்தனையும். கம்பெனி நம்ம பின்னாடி சீட்டுல உக்காந்திருக்குது.

— இல்ல. அப்படி இருக்காது. நா தோட்டத்து ஊட்ல பொறந்தவ, எனக்குத் தெரியாதா?

— உங்கூட்டுல மாடு கடசியா எப்ப இருந்துச்சு?

— நா பால்வாடி போறப்பவே வித்துப்போட்டுத் தறி வாங்கிட்டாங்க.

— பின்ன?

— எனக்குக் கம்பெனி வேண்டாம் ஷாகுலு. நாங் கேட்டது அவர. பொட்டிய வெச்சுட்டு நா என்ன பண்றது? போன எடு. ஸ்பீக்கர்ல போடு... ஐயா, வணக்கமுங்க. மோகனப்பிரியா பேசறேனுங்க.

— சொல்லுங்க அம்மணி. ஊடு போயிச் சேந்தாச்சுங்களா?

— இன்னும் இல்லீங்க ஐயா, சேவூருகிட்ட நிக்கறோம். ஒண்ணு கேக்கோணுமுங்க. தப்பா நெனைக்கப்படாது. நீங்க அந்தப் பொட்டிய எங்களுக்கு ரிப்பேருக்குத்தானுங்களே குடுத்தீங்க?

— ரிப்பேருக்குங்களா? அது நல்லாத்தான ஓடுது. நா நேத்துங்கூடப் போட்டுப் பாத்தேன்.

— அப்ப எதுக்குங்க குடுத்தீங்க?

— ஏனுங்க அம்மணி, கயிறு கேட்டேன், தம்பி கொண்டாந்து குடுத்தாரு. உங்க கயித்தக் கட்டித்தான அனுப்பி வெச்சேன். அதுக்கு மேல என்னத்தச் சொல்றதுங்க?

— எங்களுக்கு வெளங்கலீங்க ஐயா. இப்பத்தான் தம்பி சொல்றான்.

— தோட்டத்து ஊட்டுப் புள்ளைன்னீங்களே, தெரியும்னு நெனச்சுப்போட்டேன்.

— வெலையே பேசலீங்களே.

— வெலை பேசறவிங்க வந்தாங்க. பெங்களூர்ல இருந்து ரெண்டு பேரு. பேர மட்டும் எடுத்துக்கறோம், மீதியத் தூக்கிப் போட்டுருவோம்னாங்க. காப்பி குடுத்து அனுப்பிட்டேன். உங்களாட்டப் பிரியமா வெளையாடறவிங்களும் நாலஞ்சு பேரு வந்தாங்க. எல்லாரும் என்னயத்தான் வரச் சொன்னாங்க. நீங்களும் அதயேதான் சொன்னீங்க. ஆனா வேலைய உட்டுப்போட்டு வந்திருக்கேன்னு சொன்னது நீங்க ஒருத்தருதான். அதுக்கப்பறந்தான் உள்ளபோயிப் பொட்டியத் தூக்குனேன்.

— ஐயா, நா வேலைய உட்டது உங்ககிட்ட வேலை செய்யறதுக்குங்க. எனக்கு ஒரு கம்பெனிய நடத்தத் தெரியாதுங்க.

— எனக்குந்தான் தெரியல. தெரிஞ்சிருந்தா எதுக்குங்க மூடறேன்?

— சிரிக்காதீங்க ஐயா. எனக்குப் பயமா இருக்குது. குரூப்புல அத்தன பேரும் உங்களுக்காகக் காத்திருக்காங்க. நா போயி, அவரு வல்ல, நாந்தான்னு சொன்னா யாரு ஒத்துக்குவாங்க? நானே ஒத்துக்க மாட்டேன்.

— அம்மணி, ஒண்ணு சொல்றேன், கேளுங்க. ஆர்.எஸ்.புரத்துல பட்டுக்கடைக்கு மேல ஆபீஸ். எட்டு வருசம் நடத்துனேன். மொதலாளின்னு எல்லாருங் கூப்புட்டாங்க. பேங்கு, வக்கீலு, சீடி போட்டுக் குடுக்கறவன், ஆடிட்டரு, இதுக்கே பொழுது போச்சு. என்ற கேம நானே ஒரு நாளு முழுசா உக்காந்து வெளையாடுனதில்லீங்க. மூடுன அன்னிக்கு வருத்தப்பட்டேன், பொய் சொல்லல. ஆனா அதுக்கப்பறம் ஒரு நாளுங்கூட மொதலாளியா இருக்கோணும்னு ஆசை வல்ல. மறுபடி நா மொதலாளியா வந்தேன்னா மறுபடி மூடித்தான் வெப்பேன்.

— ஐயா, ஷாகுல் பேசறேனுங்க. அப்ப நீங்க வரவே மாட்டீங்களா? அதையாவது தெளிவாச் சொல்லிருங்க. வெடியால இருந்து மண்ட காயுது.

— மொதலாளியா வரமாட்டேன் தம்பி.

— வேற எப்படிங்க ஐயா வருவீங்க?

— கேமுல அந்தக் காளை மூச்சு உடற சத்தம் இருக்குதல்லங்க, ஓட்டம் முடிஞ்சு நிக்கறப்ப?

— இருக்குதுங்க. அதக் கேக்கறதுக்குன்னே நா கேம முடிப்பேன்.

— அது காளையில்லீங்க அம்மணி. நாந்தான். பித்தளைச் செம்புக்குள்ள வாய வெச்சு ஊதுனேன். காளைய மைக்குக்கு முன்னால நிறுத்தி நிறுத்திப் பாத்தோம், அது மூச்சே உடல. கம்பெனியில எனக்குப் புடிச்ச வேலை அது ஒண்ணுதான். புதுசா நீங்க போடறப்ப அத வேற யாராச்சும் ஊதுனா நல்லாருக்காது.

— நீங்க... எனக்கு வெளங்கலீங்க ஐயா. நீங்க என்ன கேக்கறீங்க?

— வேலைதானுங்க கேக்கறேன். செம்பு என்றகிட்டயே இருக்குது. திங்கக்கெழமை எத்தன மணிக்கு வரோணும்னு நீங்கதான சொல்லோணும், மொதலாளியம்மா.