பதினான்கு நாள் மௌனம்

இந்த நாற்காலி நன்றாக இருக்கிறது. எங்கள் அலுவலக நாற்காலிகளை ஒன்பது விதமாக ஏற்றி இறக்கலாம், ஆனால் எந்த விதத்திலும் முதுகு சும்மா இருக்காது. இதில் அந்த வம்பே கிடையாது, உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். நீங்கள் கேட்டபடி முதலிலிருந்தே சொல்கிறேன். நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு வேறு வேலை எதுவும் இல்லை.

நான் தரவு ஆய்வாளன். மருந்துக் கம்பெனிகள் தங்களிடம் குவிகிற எண்களை எங்கள் ஆலோசனை நிறுவனத்துக்கு அனுப்பும். நாங்கள் அவற்றைக் கழுவி, உலர்த்தி, மடித்து, வண்ணப் படங்களாக்கித் திருப்பிக் கொடுப்போம். வீட்டில் யாருக்கும் இந்த வேலை புரிந்ததில்லை. அக்கா மட்டும் தன் சிநேகிதிகளிடம், "தம்பி மருந்துக்குக் கணக்குப் போடுறான்" என்று சொல்வாள். ஏழெட்டு வருடமாக நான் கொடுத்துவந்த விளக்கங்களை விட அது தெளிவாகவே இருந்தது.

அலுவலகத்தில் எனக்குச் சல்லடை என்று பெயர். குப்பை எண் எதுவும் என்னைத் தாண்டிப் போகாது. நூற்றெழுபது வயதுக்காரர், பிரசவமான ஆண், பிறப்பதற்கு முன்பே ரத்தப் பரிசோதனை செய்துகொண்டவர் என்று எத்தனையோ பேரைப் பிடித்து வெளியே போட்டிருக்கிறேன். அந்தப் பெயரைக் கேட்டால் எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். ஒற்றைத் தலைவலிக்கு ஒரு புது மாத்திரை, கடைக்கு வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அதைச் சாப்பிடுகிறவர்களில் ஒன்பதாயிரம் பேர் எங்கள் ஆய்வுக்குச் சம்மதித்து, போனில் ஒரு செயலியை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தினமும் காலை ஒன்பது மணிக்கு அது ஒரு குட்டிப் பாட்டை இசைத்து, 'இன்று எப்படி இருக்கிறீர்கள்?' என்று கேட்கும். கீழே ஐந்து முகங்கள். முதல் முகம் அழும், ஐந்தாவது முகம் வாய் கொள்ளாமல் சிரிக்கும். ஏதாவது ஒன்றைத் தொட்டால் போதும்.

இந்த மாதிரி ஆய்வுகளில் பெரிய தலைவலி, மக்களுக்குச் சலித்துப்போவதுதான். முதல் மாதம் ஆர்வமாகத் தொடுவார்கள், பிறகு மறந்துவிடுவார்கள். பாதியில் நின்ற பதில் வரிசைகள் படத்தையே கெடுத்துவிடும். அதற்காக நான் ஒரு விதி எழுதினேன். தொடர்ந்து பதினான்கு நாள் பதில் வராவிட்டால் அவர் விலகிவிட்டதாக அர்த்தம். அவருடைய வரிசையைத் தொடக்கம் முதல் எடுத்துவிட வேண்டும். மூன்று வரிக் கணினி நிரல், தானாக ஓடும். எண்கள் வருவதற்கு முன்பே எல்லோரும் கையெழுத்துப் போட்டு அதைப் பூட்டிவிட்டோம். எழுதும்போது என் மனதில் கள்ளம் எதுவும் இல்லை, அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

எங்களிடம் மருத்துவ ஆலோசகராக ஒரு டாக்டரம்மா இருந்தார். வாரத்தில் இரண்டு நாள் வருவார், எல்லாவற்றையும் பென்சிலால்தான் எழுதுவார். ஒரு கூட்டத்தில் என் வரைபடத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "விலகினவங்க யாருக்காவது போன் பண்ணிக் கேட்டீங்களா?" என்றார். முன்னூற்றுப் பன்னிரண்டு பேர் விலகியிருந்தார்கள். சீட்டுக் குலுக்குவது போல அதிலிருந்து அறுபது பேரைப் பொறுக்கி எடுத்து, நானே பேசுவதாகச் சொன்னேன். எனக்குப் போனில் பேசுவது பிடிக்கும்.

காலியாக இருந்த கூட்ட அறையில் மூன்று மதியங்கள் உட்கார்ந்து பேசினேன். நல்ல கலகலப்பு. ஒருவர் போனை வாளித் தண்ணீரில் போட்டுவிட்டார். ஒருவர், தலைவலியே போய்விட்டது, அப்புறம் எதற்கு உனக்குத் தினமும் ஆஜர் சொல்ல வேண்டும் என்று கேட்டார். மதியத் தூக்கத்தைக் கெடுத்ததற்காக ஒரு அம்மா பத்து நிமிடம் என்னைத் திட்டித் தீர்த்துவிட்டு, கல்யாணம் ஆகிவிட்டதா என்று விசாரித்தார். இப்படி நாற்பத்தொரு பேர்.

மீதிப் பத்தொன்பது போன்களை வேறு யாரோ எடுத்தார்கள். மனைவி, மகன், ஒரு வீட்டில் பக்கத்து வீட்டுக்காரர். அவர் இப்போது இல்லை என்றார்கள். அநேகமாக எல்லோரும் ஒரே மாதிரிதான் போயிருந்தார்கள்: படுத்தார்கள், காலையில் எழுந்திருக்கவில்லை. தலைவலி மாத்திரையை யாரும் சந்தேகப்படவில்லை. மனைவியை இழந்த ஒரு பெரியவர் எனக்கே ஆறுதல் சொன்னார். "வருத்தப்படாதீங்க தம்பி. கடைசி நாலு மாசம் தலைவலி இல்லாம சந்தோஷமா இருந்துட்டுத்தான் போனா." மிகவும் நல்ல மனிதர்.

செத்தவர்கள் போனைத் தொடுவதில்லை. இது எனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். பதினான்கு நாள் காத்திருந்து, என் சல்லடை அவர்களை ஒருவர் விடாமல் வெளியே போட்டிருந்தது. உள்ளே மிஞ்சியவர்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். படம் அத்தனை சுத்தமாக இருந்ததற்கு அதுதான் காரணம்.

அறிக்கையில், 'அழைப்புகள் முடிந்தன, விலகியதற்குக் காரணம் ஆர்வக் குறைவு' என்று எழுதினேன். டாக்டரம்மா நடைபாதையில் என்னை நிறுத்தி, "எல்லாரும் நல்லா இருக்காங்கல்ல?" என்றார். நல்லா இருக்காங்க மேடம் என்றேன். தன் நோட்டில் பென்சிலால் ஒரு டிக் போட்டுக்கொண்டார். நாற்பத்தொரு பேரைப் பொறுத்தவரை நான் சொன்னதில் பொய் இல்லை.

ஏன் என்று கேட்பீர்கள். எங்கள் தொழிலில் ஒரு பெரிய பாவம் உண்டு: முடிவைப் பார்த்த பிறகு விதியை மாற்றுவது. அதைச் செய்கிறவனை யாரும் மதிக்க மாட்டார்கள். நான் அந்தப் பாவத்தைச் செய்யவில்லை. தவிர, ஒன்பதாயிரத்தில் பத்தொன்பது என்றால் ஆயிரத்துக்கு இரண்டு. தெருவைக் கடப்பதில் அதைவிட ஆபத்து இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான் பேசியது அறுபது பேரிடம்தான், மீதி இருநூற்றைம்பத்திரண்டு பேரைக் கூப்பிடவே இல்லை. கூப்பிடாதவர்கள் உயிரோடு இருப்பதாக எடுத்துக்கொள்வதுதான் மரியாதை என்று பட்டது. நேற்று நீங்கள் இதே மேசையில் ஒரு தாளை எடுத்து, அறுபதுக்குப் பத்தொன்பது என்றால் முன்னூற்றுப் பன்னிரண்டுக்கு எத்தனை என்று பெருக்கிப் பார்த்தீர்கள். "தொண்ணூத்தொம்பது வருது சார்" என்றீர்கள். உங்கள் பெருக்கல் சரி. நான் அதைச் செய்யாமல் இருந்தேன்.

அப்புறம் மூன்று வாரத்தில் அக்கா கூப்பிட்டாள்.

அக்காவுக்குப் பதினேழு வயதிலிருந்து ஒற்றைத் தலைவலி. அது வந்தால் வீடே கிசுகிசுப்பில்தான் பேசும். படுக்கையறை ஜன்னலில் போர்வை கனத்துக்குத் திரை தொங்கும். மாமா, அவள் கணவர், குழாயைக்கூடச் சத்தம் வராமல் திறக்கக் கற்றுக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவள் குரலே துள்ளியது. "டேய், டாக்டர் புது மாத்திரை எழுதிக் குடுத்திருக்கார். அட்டையைப் பாத்தா நீ வேலை பாக்குற அதே மாத்திரை. நம்பிச் சாப்பிடலாமாடா?"

"சாப்பிடுக்கா, நல்ல மாத்திரைதான்" என்றேன்.

வேண்டாம் என்றால் ஏன் என்பாள். ஏன் என்று ஆரம்பித்தால் அக்கா லேசில் விட மாட்டாள், சின்ன வயதில் நான் உடைத்த கண்ணாடிக்கே இரண்டு நாள் விசாரணை நடத்தியவள். விஷயம் மாமா காதுக்குப் போகும். மாமா பள்ளி ஆசிரியர், தெருவிளக்கு எரியாவிட்டால்கூட நான்கு இடத்துக்குக் கடிதம் எழுதுகிறவர். ஆயிரத்துக்கு இரண்டுதானே என்று நினைத்தேன். சொல்லிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போனேன், நன்றாகவே சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு வந்த ஐந்து மாதங்கள் எங்கள் குடும்பத்துக்கே நல்ல காலம். இரண்டாவது வாரத்தில் அக்கா அந்தத் திரையைக் கழற்றித் தரை துடைக்கும் துணியாக வெட்டிவிட்டாள். பகலில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து வெயில் காய்ந்தாள். பாட வராது, ஆனாலும் சத்தமாகப் பாடினாள். பழைய தலைவலியே தேவலை என்று மாமா கிண்டல் செய்தார். எங்கள் ஆய்விலும் அவளாகவே சேர்ந்துகொண்டாள். "உனக்காகத்தான்டா தினமும் தொடுறேன்" என்பாள். அவளுக்கு எண் 8816. பெயர் தெரியாதபடி கலைத்துத்தான் எண்கள் கொடுப்பார்கள், சேர்ந்த தேதியை வைத்துக் கண்டுபிடித்துவிட்டேன். காலையில் டீ குடிப்பதற்கு முன் அவள் வரிசையைத்தான் பார்ப்பேன். அநேகமாக ஐந்தாவது முகம், சில சனிக்கிழமைகளில் மட்டும் மூன்றாவது. மாமாவோடு சண்டை என்று புரிந்துகொள்வேன். உண்மையிலேயே மிகவும் சந்தோஷமாக இருந்தேன்.

ஒரு வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு முன்னால் மாமா கூப்பிட்டார். உடனே வா என்றார். நான் போய்ச் சேர்ந்தபோது வாசலில் செருப்புகள் நிறைந்து கிடந்தன. அக்கா பக்கவாட்டில் ஒருக்களித்து, கன்னத்துக்குக் கீழே கை வைத்துப் படுத்திருந்தாள். எப்போதும் அப்படித்தான் தூங்குவாள். மாமா கட்டில் காலடியில் உட்கார்ந்திருந்தார். நானும் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

ஒன்பது மணிக்கு, பிரிட்ஜ் மேல் சார்ஜில் இருந்த அவள் போன் அந்தக் குட்டிப் பாட்டை இசைத்தது. பதில் சொல்லும்வரை அது நிற்காது, அப்படி வைக்கச் சொன்னதும் நான்தான். மாமா இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார். நான் எழுந்து போய்ப் போனை எடுத்தேன். கடவுச்சொல் என் பிறந்த நாள். ஐந்தாவது முகத்தைத் தொட்டேன், சத்தம் நின்றது.

நான்கு நாள் கழித்து அலுவலகம் போனபோது 8816-ல் நான்கு கட்டங்கள் காலியாக இருந்தன. இன்னும் பத்து நாள் போனால் என் நிரல் அவளை எடுத்துவிடும். அந்த ஐந்து மாதமும் போய்விடும், வெயில், பாட்டு, சனிக்கிழமைச் சண்டை எல்லாமும். மற்றவர்கள் போனபோது நான் ஒரு வாய் டீயைக்கூட மீதி வைக்கவில்லை. இவள் போவதை என்னால் தாங்க முடியவில்லை. விதியை மாற்றுவது பாவம் என்று சொன்னேன் அல்லவா, அதனால் விதியில் கை வைக்கவில்லை. மாமா அணைத்து வைத்திருந்த போனை, அதிலுள்ள படங்கள் வேண்டும் என்று அவரிடம் சொல்லி வாங்கி வந்தேன்.

தினமும் ஒன்பது மணிக்குத் தொட்டேன். எல்லா நாளும் ஐந்தாவது முகம் என்றால் சந்தேகம் வரும் என்று இடையிடையே நான்காவது. சனிக்கிழமை மறக்காமல் மூன்றாவது. அரையாண்டு அறிக்கையில் மிக ஒழுங்காகப் பதில் சொன்னவர்கள் என்று ஒரு பக்கம் போட்டோம், அதில் 8816 இருந்தது. கூட்டத்தில் கை தட்டினார்கள், நானும் தட்டினேன்.

அந்த மாதங்களில் மாத்திரை விற்றுக்கொண்டுதான் இருந்தது. புதிதாக எத்தனை பேர் விலகினார்கள், அவர்களில் யார் யார் எழுந்திருக்கவில்லை என்று எனக்குத் தெரியாது. நான் யாரையும் கூப்பிடவில்லை.

வழக்கமான தணிக்கைக்காக நீங்கள் இறப்புப் பதிவேட்டை எங்கள் ஆய்வில் மிஞ்சியவர்கள் பட்டியலோடு ஒப்பிட்டபோது, பட்டியலில் இருந்தவர்களில் ஒரே ஒருத்திதான் செத்திருந்தாள். செத்த பிறகும் எழுபத்தெட்டு நாள் சிரித்திருந்தாள். உங்கள் உதவியாளர் அதைக் கணினிக் கோளாறு என்றாராம், நீங்கள்தான் விடவில்லை. அவளையும் வெளியே போட்டிருந்தால் நீங்கள் என் மேசைக்கு வந்தே இருக்க மாட்டீர்கள். அந்த வகையில் வெளியே போன மற்றவர்களைக் கண்டுபிடிக்க உதவியது நான்தான் என்றும் எழுதிக்கொள்ளலாம். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

மற்றதைப் பெரிய எழுத்திலேயே எழுதுங்கள். மருந்து கொல்கிறது என்று தெரிந்தே மறைத்தேன். தெரிந்தே அக்காவைச் சாப்பிடச் சொன்னேன். கேட்கிற இடத்தில் கையெழுத்துப் போடுகிறேன், எனக்கு வக்கீல் வேண்டாம்.

ஒரு சின்ன உதவி மட்டும் வேண்டும். அந்தப் போனை நீங்கள் எடுத்துக்கொண்டு போனது போன வாரத்துக்கு முந்தின வாரம், புதன்கிழமை. அன்று காலை தொட்டுவிட்டேன். இன்று செவ்வாய், பதின்மூன்று நாள் ஆகிவிட்டது. அந்த நிரலை நிறுத்த வேண்டும் என்று எங்கள் அலுவலகத்தில் யாருக்கும் தோன்றியிருக்காது, அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். போனைச் சார்ஜில் போட்டு வையுங்கள். நாளை ஒன்பது மணிக்கு ஒரே ஒரு நிமிடம் என் கையில் கொடுங்கள். அக்கா நன்றாகத்தான் இருக்கிறாள் என்று சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.