பிள்ளை மடுவத்துத் தண்ணீர்

எங்கள் தோட்டத்துத் தண்ணீர் நல்ல தண்ணீர், ஐயா. கொஞ்சம் சோப்புப் போட்டாலே நுரை பொங்கும். பிள்ளைகளுக்கு எடை பார்க்க வரும் நர்ஸ் மிஸ்ஸி அதையே குறையாகச் சொன்னார்.

"மலைக் குழாய்த் தண்ணியில சத்து ஒன்னும் இல்லங்க. நம்ம பிள்ளைகளுக்குச் சிங்க்குச் சத்து வேற கொறைவு. முட்டை, பருப்பு நெறையக் குடுங்க."

அன்றைக்குப் பிடித்த பயம். நான் நோர்வூட் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிள்ளை மடுவத்து ஆயா. தாய்மார் கொழுந்து பறித்துத் திரும்பும்வரை குழந்தைகள் என் பொறுப்பு. ஒன்றுக்கும் எடை போதாது. என் மகள் கிருஷாந்தி எல்லாரிலும் குறைவு. குளிப்பாட்டும்போது விலா எலும்பு கையில் தட்டும். அவள் போய்விடுவாளோ என்ற பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். சின்னதுல நானும் இப்புடித்தான் இருந்தேன்" என்றார் என் கணவர் சுதாகரன்.

அவர் தேயிலைக்கு மருந்து அடிப்பவர். வெளுத்த செடிக்குச் சிங்க் சல்பேட் கரைத்து அடித்தால் இலை பச்சை பிடிக்கும், கொழுந்து கிளம்பும். என் கண்ணால் பார்த்திருக்கிறேன். மிஸ்ஸி சொன்ன சத்தும் அதுதானே. என் கணவர் வீட்டில் வைத்திருந்த மீதியை எடுத்துப் போய், மடுவத்தில் பிடித்து வைத்த குடிதண்ணீரில் கரைத்தேன். பிள்ளைகள் முகம் சுளித்தார்கள். சீனி போட்டதும் குடித்துவிட்டார்கள்.

அடுத்த நாள் லோஜனைத் தூக்கிக்கொண்டு வந்தாள் அவன் தாய் பிரியந்தி.

"அக்கா, ராவெல்லாம் வாந்தி. தண்ணியக் கண்டாலே அழுவுறான்."

"கடவாப் பல்லு மொளைக்குதுடி. அப்புடித்தான் இருக்கும். நீ வேலைக்குப் போ."

நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் தப்புச் செய்ததாக ஆகிவிடுமே என்று பயமாக இருந்தது. சத்து ஏறும்போது உடம்பு கொஞ்சம் முரண்டு பிடிக்கும் என்று என்னைத் தேற்றிக்கொண்டு, அன்றும் கரைத்தேன். லோஜன் வாயை இறுக்கிக்கொண்டான். மூக்கைப் பிடித்தேன், வாய் திறந்தது. கொஞ்ச நேரத்தில் என் மடியில் துவண்டான். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. அழுதேன், ஐயா. அது பொய்யில்லை.

மற்றப் பிள்ளைகளெல்லாம் வாந்தி எடுத்தபோது கிருஷாந்திக்கு மட்டும் ஏன் ஒன்றும் ஆகவில்லை என்று கேட்கிறீர்கள். அவளுக்கு அந்தத் தண்ணீரை நான் கொடுக்கவே இல்லை. நோஞ்சான் பிள்ளை, தாங்குமோ என்னவோ. மற்றப் பிள்ளைகள் முதலில் குடித்துத் தேறட்டும், பிறகு கொடுக்கலாம் என்று இருந்தேன். பெற்றவள் வேறு எப்படிச் செய்வாள், ஐயா?