புயல் வீசிய நேரத்தில் ஒரு நிக்காஹ்

அவைக்கு அழகு சேர்த்து அமர்ந்திருக்கும் தலைவர் புவனேஸ்வரன் அவர்களே! மூட்டுவலியையும் மீறி முன்வரிசைக்கு முந்திவந்த மூத்தோர்களே! ஞாயிற்றுக்கிழமைச் சமையலை ஒத்திவைத்து ஞாயிற்றையே காண வந்த தாய்மார்களே! கெலுகோரிலிருந்து வந்திருக்கும் மாணவ மணிகளே! வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

சுட்டெரிக்கும் சூரியன் முகத்திலும் கறை உண்டா? உண்டு! காந்தவிசை முறுக்கேறிய இடம் சற்றே குளிர்கிறது. குளிர்ந்த இடம் கருக்கிறது. அதுவே கரும்புள்ளி. முறுக்கு அறுந்தால் மின்துகள் மேகம் சீறிக் கிளம்புகிறது. அதுவே சூரியப் புயல். 1859 செப்டம்பரில் தந்திக் கம்பிகளில் பொறி பறக்க வைத்தது அது! 1989 மார்ச் 13இல் கனடாவின் கியூபெக் மாநிலத்தை இருளில் ஆழ்த்தியது அது!

2024 மே 10, வெள்ளிக்கிழமை... பின்வரிசையில் யாரோ வியாழன் என்கிறீர்கள். இல்லை ஐயா, வெள்ளியேதான்! ஜும்ஆ தொழுகை முடிந்த வேளையில், என் நண்பர் உணவுக்கடை சீனி முகம்மதுவின் மகள் அதிரா தொலைபேசியில் அழைத்தாள். மறுநாள் காலை பத்து மணிக்கு அவளுக்கு நிக்காஹ். மாப்பிள்ளையின் கைபற்றி மகளை மணமுடித்துத் தரவேண்டிய தந்தையோ, வீட்டைவிட்டு வரமாட்டேன் என்கிறார்!

வானம் பார்ப்பவன் நானல்லவா! தொலைநோக்கியோடு அவர் வீட்டுக்கு விரைந்தேன்.

"அண்ணே, நெஞ்சுல பேஸ்மேக்கர் வச்சிருக்கேன் லா. இன்னிக்கு ராத்திரி சூரியப் புயலாம். மெஷின் பட்டுனு நின்னுடுமாம். வாட்சப்புல வந்திருக்கு. என் தம்பிய வச்சு நிக்காஹ முடிச்சிருங்க."

அந்தச் செய்தியைப் படித்துவிட்டுக் கேட்டேன்: "எந்த ராத்திரி? இதுல தேதியே காணோமே?"

அதிரா குறுக்கிட்டாள்: "இதே மெசேஜ் போன நோன்புக்கும் வந்துச்சு அத்தா! அப்பவும் செல்போன அரிசி டின்னுக்குள்ள வச்சுட்டுத்தானே தூங்குனீங்க!"

சிரிக்கிறீர்கள். அவரும் சிரித்தார். "அப்ப புயலு பொய்தானே அண்ணே?"

ஆம் என்றால் என் வேலை முடிந்தது. சொல்லலாமா? அன்புக்காகவேனும் பொய் சொல்லலாமா? தொலைநோக்கி வழியே வெள்ளை அட்டையில் சூரியனின் பிம்பத்தை விழச் செய்தேன். வெறுங்கண்ணால் பார்க்கவே கூடாது, தாய்மார்களே, பிள்ளைகளிடம் சொல்லுங்கள்! பதினைந்து பூமிகளை வரிசையாய் வைக்கும் அகலத்தில் கரும்புள்ளிக் கூட்டம்!

"சூரியனுக்கே மச்சமா!" என்றார் சீனி முகம்மது.

"மச்சமில்ல, புயலோட வீடு. மெசேஜ் பொய், புயல் நெசம், கிளம்பிருச்சு. செயற்கைக்கோள் தடுமாறலாம், ரேடியோ கரகரக்கலாம். நமக்குக் காத்தும் பூமியோட காந்தமும் கூரையா நிக்குது. ஆனா உங்க நெஞ்சுக்கு நான் பதில் சொல்லக்கூடாது. டாக்டரக் கேளுங்க."

கேட்டார். தரையில் இருப்பவருக்கு ஆபத்தில்லை, தாராளமாகப் போகலாம் என்றார் மருத்துவர். அப்போதும் சீனி முகம்மது, "தம்பியே போகட்டும் லா" என்றார்.

"அத்தா," என்றாள் அதிரா, "நீங்க வந்தாத்தான் நானும் வருவேன்."

மறுநாள், மே 11, சனிக்கிழமை. காலை பத்து மணிக்கு வந்தார் தந்தை! அந்நேரத்தில், அமெரிக்காவின் இரவு வானம் புயல் மூட்டிய துருவ ஒளியில் சிவந்து கிடந்தது; இருபது ஆண்டுகளில் காணாத பெரும்புயல் பூமியை உலுக்கிக்கொண்டிருந்தது! மணமகன் ஹஸ்ருல் கையை நீட்டினார். சீனி முகம்மது என் பக்கம் சாய்ந்தார்.

"புயல் இருக்கா அண்ணே?"

கைப்பேசியில், பூமியின் காந்தம் அதிர்வதை அளக்கும் காந்தமானிக் கணக்கைப் பார்த்தேன். "உச்சத்துல இருக்கு."

"இருக்கட்டும் லா," என்றார், மகளைப் பார்த்தார், மாப்பிள்ளையின் கையை இறுகப் பற்றினார். சொல்ல வேண்டிய சொல்லில் ஒன்றும் தடுமாறவில்லை!

அன்பர்களே! பொய்யால் தேற்றப்பட்டவர் அடுத்த பொய்யில் விழுவார். உண்மையைக் கண்ணால் கண்டவர் புயலின் நடுவிலும் எழுவார்! எழுவோம்! அறிந்து எழுவோம்! பொறுமையோடு செவிமடுத்த உங்கள் அனைவருக்கும் நெஞ்சு நிறைந்த நன்றி கூறி, கைகூப்பி விடைபெறுகிறேன். வணக்கம்.