மகளிடம் வாங்காத சத்தியம்

மேடையில் அமர்ந்திருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, பச்சை அணியின் இந்நாள், முன்னாள் ஆட்டக்காரர்களே, துயரத்தை அடக்கிக்கொண்டு முன்வரிசையில் இருக்கும் அண்ணி அவர்களே, அவர் தோளைப் பிடித்தபடி இருக்கும் மகளே, பட்டறைத் தோழர்களே!

நம் கால்பந்து ரசிகர் சங்கத்தின் செயலாளர், கடைசல் பட்டறையின் மூத்த டர்னர், நம் அண்ணன் மறைந்துவிட்டார். தோற்றுத் திரும்பிய ஆட்டக்காரர்களுக்கு வாசலில் நின்று கைகொடுத்தவர் யார்? நம் அண்ணன். நாம் இரண்டாம் பிரிவுக்கு இறக்கப்பட்ட அன்று, எல்லோரும் எழுந்து போன பிறகு, நனைந்த கொடியைச் சுருட்டித் தோளில் தூக்கி வந்தவர் யார்? நம் அண்ணன்.

இது உங்களுக்குத் தெரியும். தெரியாத ஒன்றை அண்ணியின் அனுமதியோடு சொல்கிறேன். அண்ணனுக்குக் கால்பந்து பிடிக்காது.

சலசலப்பு வேண்டாம், கேளுங்கள். அவருக்குப் பக்கத்து மெஷினில் வேலை பார்த்தவன் நான். ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார்: "பாட்டு கத்துக்கணும்னு ஆசைடா. வகுப்பும் ஞாயித்துக்கிழமை, மேட்சும் ஞாயித்துக்கிழமை. அப்பா சாகக் கெடக்கும்போது என் கையைப் புடிச்சுக்கிட்டு, 'நம்ம அணியை விட்றாதே'ன்னாரு. சத்தியம் பண்ணிட்டேன்."

"அப்பாதான் போய்ட்டாரே அண்ணே. விட்ருங்களேன்."

"உயிரோட இருந்திருந்தா சண்டை போட்டாவது விட்டிருப்பேன். போனவர்கிட்ட எப்படிடா சண்டை போடுறது?"

அவர் மகள் வளர்ந்தாள். ஒருநாள் நீல அணியின் சட்டை வேண்டும் என்றாள். நம் பரம எதிரியின் சட்டை! அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய் வாங்கி வந்தார். இரண்டு அணிகளும் மோதிய நாளில் மகளை நீல அணியின் வாசலில் விட்டுவிட்டு, மைதானத்தைச் சுற்றி நடந்து நம் வாசலுக்கு வந்தார். நம்மில் சிலர் முகத்துக்கு நேரே "துரோகி" என்றார்கள். "அவளாவது போகட்டும்டா" என்றார். பிறகு வழக்கம்போல் கொடியைத் தூக்கிக்கொண்டு படியேறினார்.

போன வாரம் மருத்துவமனையில் மகள் அவர் கையைப் பிடிக்கப் போய், அழுதுகொண்டே சொன்னாள்: "அப்பா, இனிமே உங்க அணியை நான் பாத்துக்கறேன்பா."

அண்ணன் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். "வேணாம்மா. அதை மட்டும் சொல்லாதே."

அருகில் நான் இருந்தேன்.

இன்று இந்த மேடையில் மகளைப் புதிய செயலாளராக அறிவிக்கும்படி தலைவர் என்னிடம் சொல்லியிருக்கிறார். பொறுத்தருளுங்கள் தலைவரே, அறிவிக்க மாட்டேன். பெற்றவரே வாங்க மறுத்த சத்தியத்தை நாம் வாங்கலாமா? இத்தனை பேர் கூடி நின்று கேட்டால் அந்தப் பெண்ணால் மறுக்க முடியுமா?

அண்ணனின் பணி நிற்காது. அந்தப் பொறுப்பை நான் ஏற்கிறேன். விரும்பித்தான் ஏற்கிறாயா என்று கேட்காதீர்கள். எனக்கும் ஒரு தகப்பன் இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் இருக்கிறது. அநேகமாகத் தோற்போம். எல்லோரும் வந்துவிடுங்கள்.

மகளே, நீ வரவேண்டாம்மா.