கழுத்தில் மாட்டிய மௌனம்

செங்கம் ரோட்டில் எங்கள் வீட்டு மாடி அறைகளை ஆசிரமத்துக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். அவர்களில் பலர் பேச மாட்டார்கள். ‘மௌனம்’ என்று எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொள்வார்கள். அவர்களுக்குச் சமைத்துப் போடுவது சுலபம், மேடம். உப்பு ஜாஸ்தி, காரம் கம்மி என்று ஒரு வார்த்தை வராது.

என் வீட்டுக்காரர் அப்பாதுரைக்கு வாய் ஓயாது. வந்தவர் போனவர் எதிரிலெல்லாம் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்பார். “உன்னப் பெத்ததுக்கு உங்கப்பன் ஒரு எருமைய வாங்கியிருக்கலாம்” என்பார். என் அப்பா செத்த அன்றைக்கும் அதையே சொன்னார். நான் பதில் பேசியதில்லை. பேச விட்டால்தானே.

அன்று காலை வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் கையிலிருந்து காபி டம்ளர் நழுவியது. திட்டுவார் என்று காத்திருந்தேன். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. வந்த பேச்சும் குழறியது. மகளிர் குழுவில் டாக்டரம்மா பக்கவாதம் பற்றிச் சொல்லிக்கொடுத்தபோது எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னவள் நான். எவர்சில்வர் டப்பா பரிசு கொடுத்தார்கள். இருந்தாலும் சோதித்துப் பார்க்க வேண்டுமில்லையா? சிரிக்கச் சொன்னேன், பாதி முகம்தான் சிரித்தது. இரண்டு கையையும் தூக்கச் சொன்னேன்; வலது கை தொப்பென்று விழுந்தது. நான் சொன்னதை அவர் மறுபேச்சில்லாமல் செய்தது அன்றுதான்.

108-ஐக் கூப்பிட வேண்டும், ஸ்கேன் இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், நாலரை மணி நேரத்துக்குள் ஊசி போட்டால் பேச்சு திரும்பலாம். எல்லாம் நினைவிருந்தது. பேச்சு திரும்பும் என்பதுதான் யோசனையாக இருந்தது.

யாரோ விட்டுப்போன அட்டை ஆணியில் தொங்கியது. அதைத் தூசி தட்டி அவர் கழுத்தில் மாட்டினேன். நெற்றி நிறைய விபூதி பூசி, கோணிய வாய் தெரியாமல் துண்டைச் சுற்றிவிட்டேன்.

ஆட்டோக்காரன் தசரதன் வந்தான். “அக்கா, அண்ணன் ஏன் ஒரு மாதிரி கீறாரு? ஆஸ்பத்திரி போலாமா?”

“மௌன விரதம்பா. பேச்சு குடுக்காத.”

அவர் இடது கையைத் தூக்கி ஆட்டோவையே காட்டினார். ஆசீர்வாதம் என்று நினைத்துத் தசரதன் தலையைக் குனிந்து கும்பிட்டுவிட்டுப் போனான். அவர் கண்ணில் தண்ணீர் வழிந்தது. முந்தானையால் துடைத்துவிட்டேன். நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரி இல்லை.

சாயந்திரம் கீழ்பென்னாத்தூரிலிருந்து நாத்தனார் ஜோதியம்மாள் வந்து துண்டை விலக்கினாள். “அடிப்பாவி, எங்கண்ணனுக்கு வாய் கோணிக்கினு கீது. இதுவாடி மௌனம்?” என்று தலையில் அடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனாள். காலையிலேயே வந்திருக்கலாமே என்றார் டாக்டர். தெரியும் என்றேன். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் உங்களிடம் புகார் கொடுத்திருக்கிறாள்.

ஆமாம் மேடம், தெரிந்துதான் செய்தேன். ஊசிக்கு நேரம் கடக்கிறவரை அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பூண்டு உரித்தேன். மனசு அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

இப்போதும் நான்தான் குளிப்பாட்டி, கஞ்சி ஊட்டுகிறேன். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, இத்தனை வருஷம் மனசில் கிடந்ததையெல்லாம் பேசுகிறேன். உங்கள் நல்லதுக்குத்தான் அப்படிச் செய்தேன் என்று தினமும் சொல்கிறேன். ஒரு நாளும் அவர் இல்லை என்று சொன்னதில்லை.