ஆறு பாடமும் முடிச்சாச்சு, மேடம்

ஹலோ... ஹலோ, பதிவாளர் ஆபீஸா?... ஆமா, நான்தான். மறுபடியும் நான்தான். நோரீன் மிஷோ... கெமிஸ்ட்ரி, கடைசி வருஷம்... மாணவர் எண்ணா? இன்னிக்கு மூணு பேருகிட்ட ஒப்பிச்சுட்டேன். சரி, எழுதிக்கங்க. நாலு, நாலு, ஒண்ணு, எட்டு, பூஜ்யம், ஏழு... ஆமா, ஆமா, ஏழு.

இருக்கேன்... பாருங்க, பாருங்க...

இப்ப பேசுறது யாருன்னு தெரிஞ்சுக்கலாமா?... மிசஸ் டெரியோ. அப்பாடா, பேரு சொல்ற ஒரு ஆளு கிடைச்சாச்சு. கேளுங்க மேடம். கெமிஸ்ட்ரி துறை என்னை உங்ககிட்ட அனுப்புது. நீங்க டீன் ஆபீஸுக்குப் போங்கிறீங்க. டீன் ஆபீஸ் கெமிஸ்ட்ரி துறைக்கே திருப்பி விடுது. மத்தியானத்துலேருந்து பந்தாடிக்கிட்டு இருக்கீங்க எல்லாருமா...

விஷயம் ரொம்பச் சின்னது. என் பட்டத்துல "சுற்றுச்சூழல் கெமிஸ்ட்ரி சிறப்புப் பிரிவு"ன்னு ஒரு வரி சேக்கணும். ஒரே ஒரு வரி... ஆமா... இல்ல, இனிமே படிக்கப் போறதில்ல. படிச்சுட்டேன்! தண்ணி, மண்ணு, காத்து, பகுப்பாய்வு, நச்சியல், அப்பறம் களப்பணி. ஆறு பாடம். ஆறுலயும் ஏ கிரேடு. உங்க திரையிலயே தெரியுமே...

தெரியுதில்ல? பின்னே என்ன?

...என்னது, இந்தப் பிரிவு வேணும்னு நான் முன்கூட்டியே அறிவிக்கலையா? மேடம், என் வழிகாட்டி என்ன சொன்னாரு தெரியுமா? ஆறு பாடமும் முடிச்சா அதுவாவே பதிவாயிடும்னாரு... டாக்டர் ஸ்ட்ரிக்லண்ட்... எங்க கேக்குறது? அவரு ஓய்வு வாங்கிட்டு அரிசோனாவுல கால்ஃப் ஆடிக்கிட்டு இருக்காரு...

சரி. சரி. படிவம் நெரப்புறேன். இப்பவே நெரப்புறேன்.

...

ஒரு நிமிஷம். மறுபடி சொல்லுங்க. பழைய பாடத்திட்டக் கையேட்டுல சேந்தவங்களுக்கு இந்தப் பிரிவே கிடையாதா?... ஆமா, நான் சேந்தது ஆறு வருஷத்துக்கு முந்தி. காலைல ஸ்கூல் பஸ் ஓட்டிட்டு வந்து படிக்கிறவ, கொஞ்சம் கொஞ்சமாத்தான் முடிக்க முடியும்... ஆமா, பிரிவு வந்தது அதுக்கப்பறம்தான். புரியுது. அப்ப என்னைப் புதுக் கையேட்டுக்கு மாத்திடுங்க... மாத்தலாமா? பாத்தீங்களா, இதை மொதல்லயே சொல்லியிருந்தா...

என்ன ஆனா?

...

முதலாமாண்டு வகுப்பா? "கல்லூரி வாழ்க்கைக்கு ஓர் அறிமுகம்"? அதை நான் படிக்கணுமா?... மேடம், எனக்கு நாப்பத்தி மூணு வயசு. அந்த வகுப்புல நூலகம் எங்க இருக்குன்னு சொல்லிக் குடுப்பாங்க. துணி துவைக்கிற மிஷின்ல காசு எப்படிப் போடுறதுன்னு சொல்லிக் குடுப்பாங்க... கட்டாயம்னா? ஐயோ, அந்த வகுப்புப் பிள்ளைங்களுக்கு வருஷா வருஷம் லேபைச் சுத்திக் காட்டுறது யாருன்னு நெனைக்கிறீங்க? நான்! கண்ணாடி போடு, செருப்புல வராத, எதையும் வாயில வைக்காதன்னு தொண்டை கிழியக் கத்துறது நான்! அதுக்கு எனக்குச் சம்பளம் குடுக்குறதும் இதே காலேஜ்தான்!

...சிரிக்காதீங்க மேடம். எனக்கு அழுகையா வருது.

இல்ல, அடுத்த செப்டம்பர் வரைக்கும் முடியாது. நாளைக்குப் பன்னெண்டு மணிக்குள்ள வேணும்... ஏன்னா வேலை, மேடம். நம்ம ஊர் குடிநீர்த் துறையில ஆய்வாளர் வேலை. ஒரே ஒரு இடம். விண்ணப்பத்துல அந்த வரி இருந்தாத்தான் வாங்கவே செய்வோம்னு டவுன் ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. வெறும் கெமிஸ்ட்ரி போதாதாம். பதினோரு வருஷம் பஸ் ஓட்டியாச்சு, முதுகு ஒடிஞ்சு போச்சு. இதை விட்டா இன்னொண்ணு இந்த ஊர்ல எப்ப வரும் சொல்லுங்க?

...விலக்கு மனுவா? குடுக்கலாமா? எப்ப பாப்பாங்க?... அடுத்த மாசம் பதினாலாம் தேதி குழு கூடுமா. நல்லாக் கூடட்டும். காபி, டோனட் எல்லாம் வெச்சுக் கூடட்டும்...

மன்னிச்சுக்கங்க. உங்க மேல கோவம் இல்ல. இல்ல, பொய் சொல்லக் கூடாது, கொஞ்சம் இருக்கு.

அவசர மனுன்னு ஒண்ணு இருக்கா? டீனே கையெழுத்துப் போடலாமா? இதை ஏன் மேடம் கடைசியில சொல்றீங்க!... சரி, காரணம் எழுதிக்கங்க. என்ன, திட்ட வேலையா? என் கடைசி வருஷத் திட்டம் என்னன்னா, காகித ஆலைக் கழிவுச் சேத்தை அந்தக் காலத்துல எருன்னு சொல்லி வயல்ல கொட்டினாங்கல்ல, அந்தப் பக்கத்துக் கெணத்துத் தண்ணியெல்லாம் எடுத்துச் சோதிக்கிறது... முப்பத்தியொரு வீடு. மில்பாண்ட் ரோடு முழுக்க.

...

நீங்களா? மில்பாண்ட் ரோட்டுலயா?... எந்த வீடு?

...

பச்சைக் கொட்டகை வெச்ச வீடு. ஆமா... ஆமா, அது நான்தான். கொட்டுற மழையில கோட்டு இல்லாம வந்து நின்னேனே, அந்தப் பைத்தியம் நான்தான்... இல்ல மேடம், கோட்டு இல்லாம இல்ல, வண்டியில இருந்துச்சு. மழைக்கோட்டுல தண்ணி ஒட்டாம இருக்க ஒரு மருந்து பூசியிருப்பாங்க. ஆலைச் சேத்துலேருந்து கெணத்துக்கு வந்திருக்கான்னு நான் தேடுறதும் அதே மருந்தைத்தான். போட்டுக்கிட்டு வந்தா உங்க தண்ணியில இருக்கா, என் கோட்டுல இருக்கான்னு தெரியாது... உங்க வீட்டுக்காரர் கேக்கு குடுத்தாரு. ஞாபகம் இருக்கு. வாங்கலைன்னு வருத்தப்பட்டாரா? பொட்டலக் காகிதத்துலயும் அது இருக்கும், அதான். தப்பா எடுத்துக்க வேணாம்னு சொல்லுங்க...

ம்...

முடிவு... முடிவு வந்துடுச்சு. போன செவ்வாய்க்கெழமை.

இல்ல மேடம், அதைச் சொல்லக் கூடாது. அதுக்கு ஒரு முறை இருக்கு. ரெண்டாந்தடவை எடுத்துச் சோதிக்கணும், என் பேராசிரியர் கையெழுத்துப் போடணும், அப்பறம்தான் வீட்டுக்குக் கடுதாசி வரும்... ஒரு ஆறு வாரம் ஆகும்... ஆமா, விதிதான். நானும் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன், வாயைத் தெறக்க மாட்டேன்னு... புரியுது. நல்லாவே புரியுது. இவ்வளவு நேரம் உங்களை விதி விதின்னு திட்டினவளே நான்தானே.

மனுவைப் பாப்போமா? என்ன எழுதினீங்க?... படிங்க... ம்... சரி... ம்...

என்ன சத்தம்?... யாரு, உங்க பொண்ணா இன்னொரு போன்ல?... பேசிட்டு வாங்க, இருக்கேன்.

...

ஒண்ணும் அவசரம் இல்லையே?... ஓ, குழந்தையோட உங்க வீட்டுக்கு வந்திருக்காளா. எத்தனை மாசம்?... ஏழு வாரமா...

தாய்ப்பாலா மேடம்?... சும்மாதான் கேக்குறேன்... பால் பவுடரா.

எந்தத் தண்ணியில கலக்குறா?

...

மிசஸ் டெரியோ, கொஞ்சம் கேளுங்க. கொதிக்க வெச்சா அந்த மழைக்கோட்டு மருந்து தண்ணியை விட்டுப் போகாது. கொதிக்கக் கொதிக்க இன்னும் அடர்த்தியாத்தான் ஆகும். சமையலறை ஜாடி வடிகட்டியை நம்ப வேணாம்... நான் ஒண்ணும் சொல்லல. கேளுங்க, நான் ஒண்ணும்... அட, என்ன மறைச்சுப் பேச்சு! மாநிலம் வெச்ச அளவை விட முப்பது மடங்கு மேடம்! உங்க கெணத்துலதான்! அந்த ரோட்டுலயே உங்க கெணத்துலதான் அதிகம்!

...

ஆமா. நிச்சயமா. அதே தண்ணியை மிஷின்ல ரெண்டு தடவை ஓட்டிப் பாத்தேன்... எண்ணு மாறியிருக்காது, பாட்டில்ல ஒட்டினது நான்...

பயமுறுத்தல மேடம்... இல்ல, படிவத்துக்காகச் சொல்லல! எவ்வளவு கேவலமா நெனைச்சுட்டீங்க என்னை! படிவத்தைக் கிழிச்சே போடுங்க. நான் இதைச் சொன்னேன்னு தெரிஞ்சா திட்டமும் போகும், பட்டமும் போகும், அதாவது தெரியுமா உங்களுக்கு?

...

தண்ணியைப் பத்திச் சொல்ல எனக்கு என்ன தகுதின்னா கேக்குறீங்க?

உங்க முன்னாடிதானே திரை இருக்கு, பாருங்க. கெமிஸ்ட்ரின்னு இருக்கும், அதுக்கு மேல ஒண்ணும் இருக்காது. தண்ணியைப் பத்திப் படிச்சவள்னு எழுத மாட்டேன்னு ஒரு மணி நேரமா சொல்லிக்கிட்டு இருக்குறது நீங்கதான் மேடம்... இல்ல, எனக்குத் தகுதி இல்ல. எந்தத் தாள்லயும் இல்ல. இருந்தாலும் சொல்றேன், அந்தப் பாலைக் கீழ ஊத்தச் சொல்லுங்க.

...அழாதீங்க. அழுவுற நேரமா இது? கடையில பாட்டில் தண்ணி கிடைக்கும், அதுல கலக்கச் சொல்லுங்க. குளிப்பாட்டுறது பரவாயில்ல, குடிக்கத்தான் கூடாது.

...என் மனுவா? டீன் நாலரைக்குக் கெளம்பிடுவாரா?... இப்ப மணி என்ன?... நாலு இருபத்தெட்டு.

இல்ல. வேணாம். அவரு போனா போகட்டும். மொதல்ல பொண்ணைக் கூப்பிடுங்க... மேடம், எதுத்துப் பேசாதீங்க, அடுத்த பாலுக்கு நேரம் ஆயிடும், போனை வைங்க... வைங்கன்னா!... சரி, நானே வெச்சுடுறேன்.